வலைக்காரர் வீட்டு மேனேஜர்

என் வீட்டுக்காரருக்கு வலை கட்டுவது தொழில். மீன் வலை இல்லை, பால்கனி வலை. புறா உள்ளே வராமல், குழந்தை வெளியே விழாமல், பூனை தாண்டாமல் இருக்கக் கட்டும் நைலான் வலை. எங்கள் வட்டாரத்தில் அண்ணாந்து பார்த்தால் பாதி பால்கனி அவர் கைவேலைதான். வலையை அளந்து வெட்டி ஓரம் கட்டுவது நான். ஏணியில் ஏறிக் கொக்கி அடிப்பது அவர். வாடிக்கையாளரிடம் வாயடிப்பதும் அவரேதான்.

அந்த வாய் இருக்கிறதே! பூனை வளர்ப்பவர் யாராவது அகப்பட்டுவிட்டால் போதும். “பூனைக்கு உயரம் தெரியும் மேடம், வண்டி தெரியாது. வெளிய விட்டா நாய்க் கடி, சக்கரம், பக்கத்து வீட்டோட சண்டை. ஒரு வலை கட்டிட்டா நிம்மதியாத் தூங்கலாம்” என்று குரல் தழுதழுக்கச் சொல்லுவார். கேட்பவர் அப்போதே சரி என்றுவிடுவார். பக்கத்தில் நிற்கிற நானே எத்தனையோ முறை கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், எங்கள் பால்கனி மட்டும் ஆவென்று வாயைத் திறந்துகொண்டிருக்கும்.

எங்கள் பூனையின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாது. ஆனால் யார் வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்வையிடும், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடும். காலையில் பால்கனிச் சுவரிலிருந்து கீழே நிற்கும் வேன் கூரைக்கு ஒரு தாவல், அங்கிருந்து தெரு. சாயங்காலம் அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வரும்.

“நமக்கும் ஒரு வலை கட்டுங்களேன்” என்று நான் கேட்காத நாள் கிடையாது.

“அடைச்சு வச்சா அது பூனையா? பொம்மை” என்பார். “வர்றது தானா வரணும். கதவைச் சாத்திட்டு, பாரு என்கிட்டயே இருக்குன்னு சொல்லிக்கறதுல என்ன பெருமை?”

இவர் யாருக்காக வாதாடுகிறார் என்று எனக்குத் தெரியாதா? மேனேஜர் எப்படியோ அப்படியேதான் இவரும். வேலை முடிந்து தெருமுனை லாண்டரிக்காரர் கடையில் செஸ் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் வீடு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கல்யாணமான நாளிலிருந்து என் சாயங்காலம் இப்படித்தான் போகிறது. பால்கனியில் நின்று பூனையைக் கூப்பிடுவேன், உள்ளே வந்து இவரை ஃபோனில் கூப்பிடுவேன். இரண்டு பேரில் பூனைதான் சீக்கிரம் வரும்.

நான் சும்மா நச்சரிக்கவில்லை. மேனேஜருக்கு முன்னால் எங்களிடம் வெள்ளைச்சி என்று ஒரு பூனை இருந்தது. ஒரு மத்தியானம் கீழே ஒரு வேனைப் பின்னால் எடுத்தார்கள். இவர் வேலைக்குப் போயிருந்தார். நான்தான் ஒரு பழைய துண்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனேன். இவர் வந்து அழுதார், நன்றாகவே அழுதார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, “இருந்த வரைக்கும் இஷ்டத்துக்கு இருந்துட்டுப் போச்சு” என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இன்னொரு தடவை துண்டை எடுத்துக்கொண்டு அந்தப் படிகளில் இறங்க என்னால் ஆகாது.

இப்படி இருக்கும்போதுதான் எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டரம்மா இவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே, அதே முதல் மாடியில்தான் அவர் பால்கனி. நடுவில் ஒரு ஒடுக்கமான தெரு. அங்கே நிறையச் செடிகள், குருவிகளுக்கு ஒரு தட்டில் தண்ணீர், ஒரு தட்டில் தானியம். நாங்கள் போனபோது டாக்டரம்மா கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு நின்றார். பிரித்துக் காட்டினார். உள்ளே இறகுகள்.

“அடிக்கடி ஒரு குருவி காணாமப் போகுது. பழுப்பும் வெள்ளையுமா ஒரு பூனை வருது. குருவியைத் தின்னுட்டு இறகை மட்டும் எனக்கு மிச்சம் வைக்குது. யார் வீட்டுதோ! வளர்க்கத் தெரியாதவங்கள்லாம் ஏன் வளர்க்கணும்?”

பழுப்பும் வெள்ளையும். என் கையிலிருந்த அளவுநாடா நழுவிக் கீழே விழுந்தது. இவரோ ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உச்சுக் கொட்டினார்.

“பொறுப்பில்லாத ஜனங்க மேடம்.”

நான் குனிந்து நாடாவைத் தேடினேன். தேடுவதற்கு ஒன்றுமில்லை, காலடியில்தான் கிடந்தது. ஆனால் நிமிர முகம் இல்லை.

“வேலை சுத்தமா இருக்கணும்” என்றார் டாக்டரம்மா. “நான்தான் இந்தக் கட்டடத்துக்குச் செயலாளர். எனக்குத் திருப்தியா இருந்தா எல்லா பால்கனியும் உங்களுக்குத்தான்.”

“கட்டின பிறகு ஒரு பூனை உள்ள வந்தா என் மீசையை எடுத்துடறேன் மேடம்” என்றார் இவர்.

இரண்டு நாள் கழித்து வலை கட்டினோம். இவர் வாய் எப்படியோ, கை சுத்தம். சுவர் ஓரம் முழுக்கத் துளை போட்டு, கொக்கி அடித்து, வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினார். முடிந்ததும் டாக்டரம்மா வந்து, ஆடுகிற பல்லைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கொக்கியையும் இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. “பரவாயில்லையே” என்றார். பெட்டி ஏற்கெனவே தயாராக இருந்தது, அக்கா வீட்டுக்கு இரண்டு நாள் போகிறாராம். பால்கனியின் கண்ணாடிக் கதவைப் பூட்டினார், வீட்டைப் பூட்டினார், எல்லோரும் சேர்ந்தே கீழே இறங்கினோம். இவர் நேராக லாண்டரிக் கடைக்குப் போனார். கொண்டாட வேண்டாமா?

சாயங்காலம் நான் பால்கனியில் நின்று, “மேனேஜர்! மேனேஜர்!” என்று கூப்பிட்டேன். ஒருமுறை இப்படிக் கூப்பிட்டபோது தெருவில் போன ஒரு நிஜ மேனேஜர் நின்று, “சொல்லுங்கம்மா” என்றார். இந்த முறை பதில் எதிர் மாடியிலிருந்து வந்தது.

“மியாவ்.”

டாக்டரம்மா பால்கனி மூலையில் செடி வைக்காத ஒரு பெரிய மண்தொட்டி உண்டு. அதிலிருந்து முதலில் இரண்டு காதுகள் எழுந்தன. பிறகு சோம்பல் முறித்துக்கொண்டு மேனேஜர் முழுசாக எழுந்தது. வேறு பூனையாக இருந்தால் துளை போடும் சத்தத்திலேயே ஊரைவிட்டு ஓடியிருக்கும். இது டிரில்லிங் மெஷினைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பூனை. நாங்கள் இத்தனை ஆர்ப்பாட்டமாக வேலை செய்ய, அது தொட்டிக்குள் சுகமாகத் தூங்கியிருக்கிறது. நாங்களும் அதை உள்ளே வைத்தே கட்டியிருக்கிறோம்.

இவருக்கு ஃபோன் போட்டேன். “மேனேஜர் டாக்டரம்மா பால்கனியில இருக்கு.”

“இருக்காதே. அங்க நான் வலை கட்டியிருக்கேனே.”

“வலைக்கு உள்ள இருக்கு.”

அந்தப் பக்கம் செஸ் காய்கள் உருளும் சத்தம் கேட்டது. நான் ஃபோனை வைப்பதற்குள் மனுஷர் மூச்சிரைக்க வீட்டில் நின்றார். கூப்பிட்டவுடன் வந்தது அதுதான் முதல் தடவை.

எதிரே மேனேஜர் முன்னங்கால் இரண்டையும் வலையில் மாட்டி இழுத்துப் பார்த்தது, கடித்துப் பார்த்தது. வலை அசைவேனா என்றது.

“பாத்தியா! ஒரு கண்ணி விடல!” என்றார் இவர். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

அப்புறம் ஆளுக்கு ஒரு யோசனை. “ரெண்டே நாள்தானே, குருவித் தண்ணி இருக்கு, தானியம் இருக்கு” என்றார். “மேனேஜர் கம்பு தின்னுமா?” என்றேன். “ஏணி போட்டு ஏறி, ஒரு மூலையை அறுத்து, எடுத்துட்டு, திரும்பக் கட்டிடவா? யாருக்கும் தெரியாது” என்றார். “தெருவே பாக்கும். அடுத்தவங்க பால்கனியை அறுக்கற ஆளுக்கு அப்புறம் யாரு வேலை கொடுப்பாங்க?” என்றேன். “டாக்டரம்மாகிட்ட சொன்னா மட்டும் கொடுப்பாங்களா? குருவி தின்ன பூனை எங்களுதுன்னு நானே வாயால சொல்லணும். கட்டடமே கையை விட்டுப் போயிடும்.” சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கட்டடமும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. எதிரே நிற்கிற பூனை பசியோடு நிற்கிறது, அவ்வளவுதான். இவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து நானே டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். டாக்டரம்மா கேட்டது ஒன்றுதான்.

“பூனை உள்ள வந்தா மீசையை எடுத்துடறேன்னு சொன்னாரே?”

இவர் ஃபோனைப் பிடுங்கி, “உள்ள வரல மேடம். இது வெளிய வர மாட்டேங்குது” என்றார்.

டாக்டரம்மா சிரித்தாரா, பல்லைக் கடித்தாரா, தெரியவில்லை. “அங்கயே நில்லுங்க, வர்றேன்” என்றார்.

அவர் வந்து சேரும்வரை நாங்கள் பால்கனியிலேயே நின்றோம். மேனேஜர் அழும், முட்டும், மோதும் என்று இவர் எதிர்பார்த்தார். அது அப்படி எதுவும் செய்யவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கால் நக்கியது. குருவிகள் வலைக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து அதைத் திட்டித் தீர்த்தன. அதையும் கேட்டுக்கொண்டு மல்லாந்து படுத்துக்கொண்டது.

“ஏங்கலையே?” என்றார் இவர், கொஞ்சம் வருத்தமாகவே.

டாக்டரம்மா வந்ததும் நாங்களும் அவர் வீட்டுக்கு ஓடினோம். அவர் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் மேனேஜர் நடு ஹாலுக்கு வந்து, சோபாவைப் பார்வையிட்டு, அதில் ஏறி உட்கார்ந்தது. டாக்டரம்மா அதன் எதிரே குனிந்தார். பழக்க தோஷம், கட்டைவிரலால் தாடையைத் தூக்கினார். எங்களை நகம் வெட்டக்கூட விடாத பிராணி, அவருக்கு ஆவென்று வாயைத் திறந்து காட்டியது.

“நல்ல பல்லு” என்றார். “குருவி தின்னு வளர்ந்த பல்லு.” பிறகு இவர் பக்கம் திரும்பினார். “பொறுப்பில்லாத ஜனங்கன்னு யாரோ சொன்னாங்களே?”

இவர் முகத்தில் ஈயாடவில்லை. “நான்தான் மேடம்” என்றார். “சொன்னதும் நான்தான், அந்த ஜனமும் நான்தான். இவ தினமும் வலை கேக்கறா. நான்தான் கட்டல.”

“ஊருக்கெல்லாம் கட்டறீங்க, உங்க வீட்டுக்கு ஏன் கட்டல?”

“போயிட்டுத் திரும்பி வருமே மேடம். அந்தத் திரும்பி வர்றது எனக்குப் பிடிக்கும்.”

“திரும்பி வராத குருவிங்க எனக்கு எத்தனையோ இருக்கு” என்றார் டாக்டரம்மா.

“எனக்குத் திரும்பி வராத பூனை ஒண்ணு இருக்கு” என்றேன் நான். சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது. இவர் தரையைப் பார்த்தார். இத்தனை நாளும் என் பேச்சை நச்சரிப்பு என்றே கேட்டுப் பழகியவர், அன்றுதான் அந்தத் துண்டை நினைத்தார் என்று தோன்றியது.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “மீசை இருக்கட்டும். கட்டட வேலை உங்களுக்குத்தான். ஆனா முதல் வலை உங்க வீட்டுல. நான் வந்து இழுத்துப் பாப்பேன்.”

வந்தார், இழுத்தும் பார்த்தார். இவர் எந்த வாடிக்கையாளருக்கும் அப்படிக் கட்டியதில்லை. வெயில் படும் இடத்தில் மேனேஜருக்கென்று ஒரு பலகைகூட அடித்திருந்தார்.

முதல் சில நாள் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் வேலையைவிட்டுத் தூக்கப்போவதுபோலப் பார்த்தது. பால்கனிக் கதவருகே நின்று கத்தித் தீர்த்தது. எதிர்ப் பால்கனிக் குருவிகள் இங்கேயும் வந்து, வலைக்கு வெளியே உட்கார்ந்து அதைச் சீண்டிவிட்டுப் போயின. பொய் சொல்ல மாட்டேன், சாயங்காலம் ஆனால் எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. சுவரில் பொத்தென்று வந்து விழும் அந்தச் சத்தம் இல்லை. இவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று அப்போது புரிந்தது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

பிறகு மேனேஜர் பால்கனியை விட்டுவிட்டது. வெளிச்சம் குறையும் நேரத்தில் வாசல் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். படியில் இவர் செருப்புச் சத்தம் கேட்டால் வாலைத் தூக்கும். இவர் உள்ளே வந்து தடவிக்கொடுத்த பிறகுதான் சாப்பாட்டைத் தொடும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இவர் செஸ் பலகைப் பக்கமே போவதில்லை. லாண்டரிக்காரர் என்னை வழியில் நிறுத்தி, “அண்ணன் உடம்புக்கு ஏதாவதா?” என்று விசாரித்தார்.

“என்ன, இப்பல்லாம் நேரத்துக்கு வந்துடறீங்க?” என்று கேட்டேன்.

“மேனேஜர் காத்துக்கிட்டிருக்குமே.”

எனக்குச் சுருக்கென்றது. “கல்யாணமான நாள்லேர்ந்து நான் காத்துக்கிட்டிருந்தேனே, அது கண்ணுல படலையா?”

இவர் நிஜமாகவே யோசித்தார். “நீ ஃபோன் பண்ணுவியே” என்றார். “அது பாவம், பண்ணாது.”

கோபப்படுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. ராத்திரி முழுக்கக் கோபப்பட்டேன். மறுநாள் சாயங்காலம், அடுப்பை அணைத்துவிட்டு, வாசல் கதவுக்கு முன்னால் மேனேஜர் பக்கத்தில் நானும் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அது கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அதன் வால் எழுந்தது. கதவு திறந்தது.

“என்ன, ரெண்டு பேரும்?” என்றார்.

“ஃபோன்ல சார்ஜ் இல்ல” என்றேன்.

அவர் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு, முதலில் யார் தலையைத் தடவுவது என்று தெரியாமல் நின்றார். மேனேஜர் விட்டுக்கொடுக்கவில்லை. நானும்தான்.