ஒரு கெஜம் முன்னால்

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது உமாராணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் கிழக்கு மூலைக்கு நடந்தாள். பார்க்க வருகிறவர்கள் எதிர்ப்பக்கத்துப் படிகளில்தான் உட்கார வேண்டும் என்பது விதி. ஆனால் முந்தின நாளே நடுவரிடம் பேசி வைத்திருந்தாள். ஒரே ஒருவர்தான், கண் சரியில்லாதவர், அசையாமல் உட்கார்ந்திருப்பார் என்று சொன்னாள். நடுவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கக் கோட்டிலிருந்து ஆறடி தள்ளிப் போட்டுக்கொள்ளச் சொன்னார். உமாராணி காலால் ஆறடி அளந்து நாற்காலியை வைத்தாள். அங்கே உட்கார்ந்தால் கோல் கோடு பத்தடி தூரத்தில் இருக்கும்.

ஜுலைஹா பீவியை அவர் மகள் ஸஹ்ரா கைபிடித்து அழைத்துவந்து அதில் உட்கார வைத்தாள். நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை. பஹ்ரைனில் அந்த மாதத்தில்தான் நாலு மணி வெயிலில் மனிதர்கள் உட்கார முடியும். இருந்தும் ஜுலைஹா பீவி துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். சர்க்கரை நோய் அவருடைய வலது கண்ணை இரண்டு வருடத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டது. இடது கண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை அறுவைச் சிகிச்சை. செய்யாவிட்டால் நிச்சயம் போய்விடும், செய்தால் தங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கும் என்று சொல்லவில்லை.

"நாங்க மஞ்சள் உம்மா. அவங்க நீலம். மஞ்சள்ல முழுக்கைக்குக் கறுப்பு போட்டிருக்கிறது நான் மட்டும்தான். அத வச்சுக் கண்டுபிடிச்சுக்கோங்க" என்றாள் ஸஹ்ரா.

"கண்டுபிடிச்சிருவேன். நீ போ."

உமாராணிக்கு நாற்பத்துநாலு வயது. அருப்புக்கோட்டைக்காரி. கல்லூரிக் காலத்தில் கபடி ஆடியவள். பதினைந்து வருடமாகப் பஹ்ரைனில் உடற்பயிற்சி ஆசிரியை, விடுமுறை நாளில் இந்த மஞ்சள் அணிக்குப் பயிற்சியாளர். இந்த அமெரிக்கக் கால்பந்து அவளுக்கு நடுவயதில் வந்து சேர்ந்த பைத்தியம். இடித்துத் தள்ளி விழுத்தாட்டுகிற ஆட்டம் இல்லை இது. இடுப்பில் இரண்டு பக்கமும் துணிப்பட்டை தொங்கும். பந்தோடு ஓடுகிறவளின் பட்டையை உருவிவிட்டால் அவள் அங்கேயே நிற்க வேண்டும். பிடிக்க வருகிறவர்களிடமிருந்து நழுவி ஓடுவது அவளுக்குப் பழகிய வித்தைதான். பழகாதது கடிகாரம். கடைசி இரண்டு நிமிடத்தில் எப்போது ஓடும், எப்போது நிற்கும், அதை யார் நிறுத்தலாம் என்பதை ஒரு பாடம் போலப் படித்தாள். கணவர் சரவணகுமார் தூங்கிய பிறகு பழைய ஆட்டங்களின் கடைசி நிமிடங்களை மட்டும் கைபேசியில் போட்டுப் பார்ப்பாள்.

அதற்குக் காரணம் போன வருடத்து இறுதி ஆட்டம். முப்பத்தோரு விநாடி மிச்சமிருக்கையில் அணித்தலைவி பானுமதி கோட்டைத் தாண்டி, ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணியை ஐந்து புள்ளி முன்னுக்குக் கொண்டுவந்தாள். எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். உமாராணியும் குதித்தாள். பந்து எதிரணிக்குப் போனது. முப்பத்தோரு விநாடி அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அன்றைக்கு பானுமதி ஷூவைக்கூடக் கழற்றாமல் காரில் ஏறிப் போனவள் நாலு மாதம் பயிற்சிக்கு வரவில்லை. மருத்துவமனையில் இரவு டூட்டி பார்த்துவிட்டுத் தூக்கத்தை விட்டு வருகிறவள் அவள். இன்னொருத்தி நகைக்கடையில் நிற்பவள், இன்னொருத்தி ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவள். வாரத்துக்கு ஒரே ஒரு விடுமுறையை இந்தப் பச்சைத் தரைக்குக் கொடுக்கிறவர்கள். அவர்களுக்கு மிச்ச நேரத்தைக் காப்பாற்றிக் கொடுக்கத் தனக்குத் தெரியவில்லை என்பதை உமாராணி யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

ஸஹ்ரா அவளுடைய பழைய மாணவி. எட்டாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அன்று காலையில் வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிட்டவள். இப்போது இருபத்துநாலு வயது, ஒரு மருந்துக் கடையில் வேலை. மூன்று பருவமாக அணியில் ஆடுகிறாள். நடுவில் குனிந்து நின்று பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் எடுத்துக்கொடுப்பதுதான் அவள் வேலை. பந்தோடு கோல் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி; மூன்று பருவத்தில் அப்படி ஒன்றுகூட அவள் பேரில் இல்லை. போன வாரம் பயிற்சி முடிந்து பைகளைக் கட்டும்போது, "மிஸ், உம்மா ஆட்டம் பார்க்க வரேங்கிறாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கணுமாம். நான் ஒண்ணு போட்டுக் காட்டுறேன்னு சொல்லிட்டேன். சும்மா வாய்ல வந்திருச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். உமாராணியும் சிரித்தாள். ஆனால் இன்று நாணயம் சுண்டுவதற்கு முன்னால் பானுமதியைத் தனியாகக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டால் இரண்டாம் பாதியில் கிழக்கு நோக்கி ஓடும்படிக் கேட்கச் சொன்னாள். காற்று எதிராக இருக்குமே என்று பானுமதி பார்த்தாள். "பரவால்லடி, கேளு" என்றாள் உமாராணி.

இந்த வருடத்து இறுதி ஆட்டமும் இழுபறியாகவே போனது. கடைசி இரண்டு நிமிடத்துக்கு வந்தபோது மஞ்சள் இருபது, நீலம் பதினெட்டு. பந்து மஞ்சளிடம் இருந்தது. நீல அணியின் பயிற்சியாளர் தன்னுடைய கடைசி டைம் அவுட்டையும் எடுத்துக் கடிகாரத்தை நிறுத்தினார். ஐம்பத்திரண்டு விநாடி மிச்சம் இருந்தது.

உமாராணி தன் பெண்களை வட்டமாக நிற்க வைத்தாள். மூச்சிரைப்பும் வியர்வையும் புல்தரையின் ரப்பர் வாடையும் கலந்து வந்தன.

"இங்க பாருங்கடி. அவங்ககிட்ட டைம் அவுட் கிடையாது. இனி கடிகாரத்த நாமதான் நிப்பாட்டிக் குடுக்கணும். அதச் செய்யக் கூடாது. பக்கக் கோட்டத் தாண்டி வெளிய போகாதீங்க. பந்து பானுகிட்ட. ஓடு, உள்ளயே இரு."

"முன்னால வழி கிடைச்சா?" என்றாள் பானுமதி.

"கிடைச்சாலும் கோட்டத் தாண்டக் கூடாது. தாண்டினா பந்து அவங்க கைக்குப் போயிரும். நேரமும் அவங்களுக்கு மிச்சம் இருக்கும். ஒரு கெஜம் முன்னாலயே முட்டிய ஊனி உக்காந்துரணும். ஆட்டம் நின்னுரும், கடிகாரம் ஓடும். நமக்கு இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்கு. இன்னொரு தடவை உக்காந்தா கலாஸ், ஆட்டம் முடிஞ்சிரும். யாரு கையில இருந்தாலும் இதுதான்."

பானுமதி தலையாட்டினாள். போன வருடத்துத் தன் ஓட்டத்தைப் பற்றிய பேச்சு என்று அவளுக்குத் தெரியும். ஸஹ்ராவும் தலையாட்டினாள். அது தனக்கான பேச்சு என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். உமாராணியும் நினைக்கவில்லை.

ஸஹ்ரா குனிந்து பந்தைப் பின்னால் கொடுத்தாள். பானுமதி இடது பக்கம் நாலு அடி ஓடினாள். நீலத்தில் மூன்று பேர் அவளை எதிர்பார்த்தே நின்றிருந்தார்கள். பட்டை உருவப்படுவதற்குள் அவள் பந்தைத் தலைக்கு மேலே ஒரு தள்ளு தள்ளினாள். அது ஸஹ்ராவின் நெஞ்சில் வந்து மோதியது. அவள் இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டாள். ஒரு நொடி அவளுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு ஓடினாள்.

வலது பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. நீலச் சட்டைகள் எல்லாம் பானுமதியைச் சுற்றி இருந்தன. அந்தப் பெண் இவ்வளவு வேகமாக ஓடுவாள் என்று உமாராணி பார்த்ததில்லை. முழங்காலை உயர்த்தி, முதுகை நிமிர்த்தி, பயிற்சியில் நூறு தடவை சொல்லியும் வராத அந்த ஓட்டம் இப்போது வந்திருந்தது. அவள் போய்க்கொண்டிருந்த மூலையில் நாற்காலி இருந்தது. ஜுலைஹா பீவி எழுந்து நின்றுவிட்டார். ஒரு கையால் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார். எதிரே படிகளில் எல்லாரும் கத்தினார்கள்.

கோட்டுக்கு மூன்று கெஜம் இருக்கும்போது ஸஹ்ரா வேகத்தைக் குறைத்தாள். திரும்பி உமாராணியைப் பார்த்தாள்.

சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததால்தான் பார்த்தாள். நடு மைதானத்துப் பக்கக் கோட்டில் நின்றிருந்த உமாராணிக்கு அந்த முகம் தெளிவாகத் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, புருவம் தூக்கியிருந்தது. வகுப்பில் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்கிற பிள்ளையின் முகம். பின்னால் ஒரு நீலச் சட்டை துரத்தி வந்துகொண்டிருந்தது, இன்னும் ஏழெட்டு அடி தூரம். பெரிய கடிகாரத்தில் நாற்பத்துமூன்று, நாற்பத்திரண்டு.

தாண்டினால் இருபத்தாறு. எட்டுப் புள்ளி முன்னால். கூடுதல் புள்ளியும் கிடைத்தால் ஒன்பது, அதற்குப் பிறகு பயமே இல்லை. கிடைக்காவிட்டால் அந்த எட்டை, ஆறும் கூடுதல் இரண்டுமாக எடுத்து, நாற்பது விநாடியில் அவர்கள் சமன் செய்யலாம். செய்யாமலும் போகலாம். போன வருடம் முப்பத்தோரு விநாடி. பானுமதியின் அவிழ்க்காத ஷூ. செவ்வாய்க்கிழமை. நாற்காலியைப் பிடித்திருக்கிற கை. இத்தனையும் அந்த ஒரு நொடிக்குள் வந்தன. உமாராணியின் வலது கை தோளுக்கு மேலே எழும்பியிருந்தது. போ என்று வீசுவதற்கு எழும்பியதா, நில் என்று சொல்வதற்கா என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை. உள்ளங்கையைத் தரையைப் பார்த்துத் திருப்பிக் கீழே அழுத்தினாள்.

ஸஹ்ரா முட்டியை ஊன்றி உட்கார்ந்தாள்.

நடுவர் ஊதினார். ஸஹ்ரா பந்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். கோடு அவளுக்கு முன்னால் ஒரு கெஜத்தில் இருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. படிகளில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கால் பிசகிவிட்டது என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டு ஓடினார்கள். நீல அணியின் பயிற்சியாளருக்கு மட்டும் புரிந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மஞ்சள் பெண்கள் விதி தருகிற இருபத்தைந்து விநாடியையும் கரைய விட்டுக் கடைசித் துளியில் மறுபடி பந்தை எடுத்தார்கள். பானுமதி வாங்கிய இடத்திலேயே மண்டியிட்டாள். ஐந்து, நாலு, மூன்று என்று படிகளிலிருந்து எண்ணினார்கள். முடிந்தது.

பானுமதி நேராக உமாராணியிடம் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுதாள். துபாய், மிஸ், துபாய் போறோம் என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். வளைகுடா நாடுகளுக்கான போட்டி ஜனவரியில். பஹ்ரைன் சார்பாக இனி இவர்கள்தான். உமாராணி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே தோளுக்கு மேலாக ஸஹ்ராவைத் தேடினாள். எல்லாரும் குவிந்து குதிக்கிற இடத்தில் அவளும் இருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

பதக்கம் கொடுத்து முடிந்ததும் ஸஹ்ரா தானாகவே வந்தாள்.

"மிஸ், நீங்க கை காட்டலேன்னா தாண்டியிருப்பேன். ரூல் ஞாபகம் இருந்துச்சு. இருந்தாலும் தாண்டியிருப்பேன்."

"தெரியும்."

"நான் பார்த்திருக்கவே கூடாது. நேரா ஓடியிருக்கணும்."

பானுமதியாக இருந்திருந்தால் தன் கை தோளுக்கு மேலே போய் நின்றிருக்காது, ஒரே வீச்சில் கீழே போயிருக்கும் என்று உமாராணி நினைத்தாள். இவளுக்காக அரை நொடி தயங்கினோம், அந்த அரை நொடியை இவளும் பார்த்துவிட்டாள். அதை எப்படித் திருப்பி வாங்குவது?

"வா, இப்ப ஒரு தடவ ஓடு. உம்மா பார்க்கட்டும். அவங்க அங்கதான் இருக்காங்க" என்றாள்.

ஸஹ்ரா தலையசைத்தாள். "வேணாம் மிஸ். அது சும்மா ஓடுறது." பந்தை உமாராணியின் கையில் வைத்துவிட்டுப் பையை எடுக்கப் போனாள்.

உமாராணி பந்தோடு மூலைக்கு நடந்தாள். ஜுலைஹா பீவி இன்னும் நின்றபடியே இருந்தார்.

"டீச்சரா? புள்ளைக்கு அடி ஒண்ணும் இல்லையே? விழுந்துட்டாளோன்னு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு."

"விழலம்மா. நாந்தான் உக்காரச் சொன்னேன்."

"எதுக்கு?"

உமாராணி சொன்னாள். பந்து, கடிகாரம், மிச்ச நேரம், போன வருடம். சொல்லச் சொல்ல அது வேறு யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போல இருந்தது. ஜுலைஹா பீவி இடது காதை அவள் பக்கம் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

"அப்ப அவ உக்காந்ததுனாலதான் ஜெயிச்சியளா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். உமாராணி பந்தின் தையலை விரலால் நெருடினாள்.

"உக்காந்ததுனால ஜெயிச்சோம். தாண்டியிருந்தாலும் ஜெயிச்சிருக்கலாம்மா. எனக்குத் தெரியல."

கோபம் இருக்கிறதா என்று ஜுலைஹா பீவியின் முகத்தில் தேடினாள்.

"மூஞ்சி தெரியல டீச்சர். மஞ்சள் தெரிஞ்சிச்சு. மஞ்சள் வேகமா வந்திச்சு, என்கிட்டயேதான் வருதுன்னு எந்திரிச்சிட்டேன். பொறவு நின்னு போச்சு." துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார். "அந்தக் கோடு எங்கன ஈக்கிது?"

உமாராணி கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு புல்தரையில் கால் வைத்தார். வெயில் சாய்ந்திருந்தது. இருவரின் நிழல்களும் அவர்களுக்கு முன்னால் நீண்டு போயின. வெள்ளைக் கோட்டின் பக்கத்தில் வந்ததும் உமாராணி நின்று, "இங்கதாம்மா" என்றாள். ஜுலைஹா பீவி செருப்பைக் கழற்றினார். வலது காலின் பெருவிரலால் தரையைத் தடவினார். பெயின்ட் அடித்த புல்லும் அடிக்காத புல்லும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். குனிந்து இடது கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அவ உக்காந்தது?"

"அங்க. உங்களுக்கு இடப்பக்கம், ஒரு எட்டு."

கையை விட்டுவிட்டு, அந்த ஓர் எட்டை அவரே எடுத்து வைத்தார். அங்கே நின்று திரும்பிக் கோட்டை நோக்கி முகத்தை வைத்துக்கொண்டார். மைதானத்தின் அந்தக் கோடியில் பையைத் தோளில் மாட்டியபடி வந்துகொண்டிருந்த ஸஹ்ரா, தன் உம்மா அங்கே வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்து நடையை நிறுத்தினாள்.