மஞ்சள் துணி கட்டிய விளக்கு

மேகமலைக்கு லாரி ஏறத் தொடங்கிய புதிதில், மூடுபனி இறங்கிவிட்டால் லாரிக்கு முன்னால் ஓர் ஆள் நடக்க வேண்டும். முதுகில் வெள்ளைத் துண்டு, கையில் அரிக்கேன் விளக்கு. அந்தத் துண்டைப் பார்த்தபடி டிரைவர் பின்னால் ஊர்ந்து வருவார். நடக்கிற ஆள் நான். டிரைவர் என் அக்கா சந்தனம்மாளின் புருஷன் சுருளிவேல். நான் தடுக்கி விழுந்தால், "அடி பட்டுச்சா" என்று கேட்கிற மனுஷன் இல்லை அவர். "மாப்ள, அங்கன பள்ளமா?" என்றுதான் கேட்பார்.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவன் ராக்கப்பன். ஒருநாள் பனியில் ரோடு வளைந்தது தெரியாமல் நேராக நடந்துவிட்டான். பாதாளத்துக்கு மேலே ஒரு கிளையில் அவன் விளக்கு மட்டும் அணையாமல் தொங்கியதாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் காடு, காட்டுக்குள் யானை. அடுத்த விளக்கு என்னுடையதுதான் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

சின்னமனூரில் லாரி முதலாளியிடம் போய் நல்ல விளக்கு ஒன்று வாங்கிப் போடச் சொன்னோம். "வெளிச்சம் வேணும்னா பகல்ல போங்கப்பா" என்றார். மேலே தேயிலை எஸ்டேட்டில் பட்டப்பகலிலேயே பனி இறங்கும் என்றதற்கு வெற்றிலையை மென்றபடி சிரித்தார். மலையே ஏறாத ஆளிடம் அதற்கு மேல் என்ன பேச?

கடைசியில் தேனியில் உடைத்துப் போட்டிருந்த ஒரு காரின் முன்விளக்கை, என் சண்டைச் சேவலைக் கொடுத்து வாங்கினோம். யோசனை மச்சானுடையது, சேவல் என்னுடையது. உயரத்தில் இருந்தால்தான் தூரம் தெரியும் என்று அதை லாரியின் தலைக்கு மேல் வைத்துக் கட்டினார்.

"இனிமே நீ எம் பக்கத்துல ஒக்காந்து வரலாம் மாப்ள. அம்மாவாசின்னு பேரு வச்ச ஒன்னைய நம்பி எம்புட்டு நாளைக்கு வெளிச்சம் பாக்க?"

பனிக்குள் நுழைந்து விளக்கைப் போட்டார். அவ்வளவுதான். முகத்துக்கு முன்னால் யாரோ வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ரோடும் இல்லை, மலையும் இல்லை, லாரியின் மூக்குகூட இல்லை. மச்சான் விளக்கை அணைத்தார். என்னைப் பார்த்தார். நான் என் சேவலை நினைத்துக்கொண்டு, அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

கொஞ்ச தூரம் நடந்ததும் காலில் அட்டை கடித்தது. விளக்கைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தேன்.

"எடுக்காத! அங்கனயே வையி!" என்று பின்னாலிருந்து ஒரு கத்தல்.

அட்டையைப் பிடுங்க விடாமல் கத்துகிறாரே என்று கோபமாகத் திரும்பினேன். மச்சான் தலையை வெளியே நீட்டி வாய் பிளந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பனி இடுப்புக்கு மேலே நின்றது. அதற்கு அடியில் ரோட்டுக் கற்கள் ஒவ்வொன்றும் நிழலோடு தெரிந்தன. இத்தனை நாள் விளக்கை மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நானே எங்கள் கண்ணைக் கட்டியிருந்தேன்.

அடுத்த நாள் வீட்டு வாசலில் மச்சான் லாரியின் பழைய வில்லுப் பட்டை ஒன்றை வளைத்து, கார் விளக்கை லாரியின் முன் கம்பிக்கும் கீழே, தரைக்கு ஒரு முழம் மேலே இறக்கிப் பூட்டினார். அப்போதும் அதன் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்தும் என்று எனக்குத் தோன்றியது. அரிக்கேன் வெளிச்சம் மஞ்சள், அதனால்தான் இதமாக இருந்தது என்றேன். விளக்கின் மேல் கட்ட மஞ்சளாக ஏதாவது கிடைக்குமா என்று மச்சான் சுற்றிலும் பார்த்தார். அக்கா வீட்டில் மாடத்தில் ஒரு மஞ்சள் துணி இருந்தது. ராக்கப்பன் செத்து நான் இந்த வேலைக்கு வந்த அன்று, நாங்கள் இருவரும் முழுசாகத் திரும்ப வேண்டும் என்று மலைச்சாமிக்கு நேர்ந்து, மஞ்சளில் நனைத்த துணியில் அக்கா காசு முடிந்து வைத்திருந்தாள்.

"சாமிக்கு அப்புறம் கண்ணு தெரியட்டும், மொதல்ல எனக்குத் தெரியட்டும்" என்று மச்சான் அதை எடுக்கப் போனார்.

அக்கா சண்டை பிடித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்துக் காசை மட்டும் எடுத்துக்கொண்டு துணியை நீட்டினாள். "சாமி துணி. பத்திரமாத் திருப்பிக் கொண்டாரணும்."

மறுநாள் சாயங்காலம் எஸ்டேட்டுக்கு இரண்டு வளைவு இருக்கும்போது பனி கவிழ்ந்தது. மச்சான் விளக்கைப் போட்டார். லாரிக்கு முன்னால் ரோடு மஞ்சளாகப் பாய் விரித்தது. ஓரத்துப் புல் தெரிந்தது, பள்ளத்தின் விளிம்பு தெரிந்தது. நான் ஜமீன்தார் மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று லாரி நின்றது.

ரோட்டின் நடுவில் நாலு மரத் தூர். நேற்றுவரை அங்கே மரம் கிடையாது. பிறகுதான் அடியில் நகங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் தேங்காய்ச் சிரட்டை அளவு.

முழங்காலுக்கு மேல் யானை இல்லை. வெறும் பனி. ஒரு கால் சத்தமே இல்லாமல் எழுந்து, சத்தமே இல்லாமல் ஊன்றியது. அதன் பின்னால் இன்னும் நாலு கால்கள் வந்தன. அதன் பின்னால் இன்னும். மலையே எழுந்து நடந்து போவதை அதன் பாதத்தருகே உட்கார்ந்து பார்த்தோம். என்னை அறியாமல் கையைக் கூப்பியிருந்தேன். பயமா என்றால் பயம்தான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று நெஞ்சை நிறைத்திருந்தது.

கடைசியில் ஒரு குட்டி வந்தது. அது மட்டும் பனிக்கு அடியில் முழுசாகத் தெரிந்தது, முதுகு ரோமம் உட்பட. வெளிச்சத்தைப் பார்த்து நின்றது. நேராக எங்களிடம் வந்து துதிக்கையால் விளக்கைத் தடவி மோந்தது. மஞ்சள் வாசனை பிடித்திருக்க வேண்டும். ஒரே இழுப்பு, துணி அதனிடம் போய்விட்டது.

வெள்ளை வெளிச்சம் பீறிட்டு எல்லாமே மறைந்தது. மச்சான் பட்டென்று விளக்கை அணைத்தார். பனிக்குள் எங்கள் தலைக்கு மேலே பெரிதாக ஒரு மூச்சு கேட்டது. கீழ்ச்சரிவில் கிளைகள் முறிந்தன. அந்தச் சத்தம் தூரமாகித் தேய்ந்தது.

பிறகு மச்சான் கண்ணாடி வழியே ரோட்டைக் காட்டினார். "அங்கனதான நீ நடந்துருப்ப?" குரல் நடுங்கியது. அவர் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

சரிவில் சத்தம் முழுக்க ஓய்ந்ததும், அரிக்கேனை ஏற்றிக்கொண்டு நானாகவே இறங்கினேன். மிச்ச வளைவுகளுக்கு விளக்கைத் தரையோடு தாழ்த்திப் பிடித்து முன்னால் நடந்தேன். யானைத் தடங்களில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. ஒன்றைக்கூட மிதிக்கவில்லை, ஒதுங்கியே நடந்தேன்.

மறுநாள் வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே அக்கா கேட்டாள். "ஏலே, சாமி துணி எங்க?"

நான் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். மச்சான் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சாமியாவது பூதமாவது என்று நாளெல்லாம் கேலி பேசுகிற மனுஷன், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"காச நாளைக்கே செலுத்திரு சந்தனம். துணிய அவுகளே நேர்ல வந்து வாங்கிக்கிட்டாக."