இரண்டு மிதி

ஓலிண்டோவின் காது அடைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பக்கத்தில் உரக்கப் பேசினால் கேட்கும், மேடைப் பாட்டு எட்டாது. அது தெரிந்த ஒரே ஆள் எர்மெஸ். மொன்தெசால்வோ ஊருக்கு இன்னும் ஓலிண்டோதான் ‘காது’. நகராட்சி நாடக அரங்கில், கூரையை ஒட்டிய மேல்மாடத்தின் முதல் பெஞ்சில் நடுவாக உட்கார்ந்திருப்பார். மேடையில் ஒரு சுரம் பிசகினால் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பார். அவர் அடித்தால் மேல்மாடமே அடிக்கும். மேல்மாடம் அடித்தால், கீழே வெல்வெட்டில் முழங்கை ஊன்றியிருக்கும் வக்கீல்களும் சீமாட்டிகளும் தங்களுக்கும் அப்படித்தான் பட்டது போல உதட்டைப் பிதுக்குவார்கள். பாடினவன் மறுநாள் காலை ரயிலேற வேண்டியதுதான். பன்றிக்கறிக் கடைக்காரருக்கு இத்தனை அதிகாரமா என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள்.

எர்மெஸ் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அரங்கில் ஓலிண்டோவுக்குப் பக்கத்து இடம் அவருடையது. பெஞ்சுக்கடியில் எர்மெஸின் பூட்ஸ் ஓலிண்டோவின் பூட்ஸ் மேல் இருக்கும். ஒரு மிதி மிதித்தால் பாட்டு நன்றாக இருக்கிறது. இரண்டு மிதி மிதித்தால் விசிலடிக்க வேண்டும். எர்மெஸின் சுரஞானம் சுத்தமானது. இளவயதில் இதே மேடையில் ஒரு நாள் பாடியவர். அந்த ஒரு நாளோடு சரி. அன்றைக்கு விசிலடித்தது யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

“அன்னைக்கு நான் விசிலடிக்கலேன்னா இந்த ஊர்ல பஞ்சர் ஒட்ட யாருடா இருந்திருப்பா?” என்று ஓலிண்டோ ஒயின் கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்பார். எர்மெஸும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஓலிண்டோ இதற்குப் பெயர் நட்பு என்று நினைத்திருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அரங்கில் அந்த வருஷத்துப் பாட்டு நாடகங்கள் தொடங்கும். இந்தத் தடவை கதாநாயகி வேஷம் ஓலிண்டோவின் மகள் நிவெஸுக்குக் கிடைத்திருந்தது. அவளுக்கு அதுதான் முதல் பெரிய வேஷம். கிறிஸ்துமஸ் விருந்தில் சூப் ஆறிக்கொண்டிருக்க, அவள் கரண்டியைத் தொடவில்லை.

“அப்பா, நாளைக்கு நீங்க கீழ வந்து உக்காருங்க. டிக்கெட் வாங்கி வெச்சிருக்கேன்.”

“ஏன், மேல பெஞ்சுல முள்ளா முளைச்சிருக்கு?”

“மேல உக்காந்தா நீங்க காது. கீழ உக்காந்தா எங்கப்பா.”

“நல்லா பாடினா ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்.”

“பொலோன்யா பெரிய அரங்குலேர்ந்து பாடகி தேடி ஆளு வர்றாங்கப்பா. சொந்த ஊர்ல விசில் வாங்கினவளை எந்த அரங்குலயும் கூப்பிட மாட்டாங்க. தெரியுமில்ல?”

“சூப்பைக் குடி.”

மகள் மேல் அவருக்கு உயிர். கால் என்ன சொன்னாலும் சரி, கைதட்டுவது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டார். ஆனால் கீழே போய் எப்படி உட்காருவது? அங்கே எர்மெஸின் கால் கிடையாது. எப்போது தட்டுவதென்றே தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் மேல்மாடத்தில் எள் போட இடமில்லை. ரொட்டியும் பூண்டு போட்ட இறைச்சியும் மணத்தன. பின் பெஞ்சிலிருந்து கொத்தனார் துல்லியோ ஓலிண்டோவின் காதருகே குனிந்து கத்தினான்.

“என்னண்ணே, விசிலை வீட்டுலயே பூட்டி வெச்சிட்டு வந்துட்டீங்களா?”

“விடுப்பா,” என்றான் இன்னொருவன். “மக பாடினா காக்கா கூடக் குயில்தான்!”

எல்லோரும் சிரித்தார்கள். ஓலிண்டோவுக்குச் சுருக்கென்றது.

“என் காதுக்கு மகளும் கிடையாது, மச்சானும் கிடையாதுடா!” என்று எழுந்து நின்று சொன்னார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

முதல் இரண்டு அங்கத்திலும் அடிக்கடி ஒரு மிதி விழுந்தது. ஓலிண்டோ தலையை ஆட்டினார், மேல்மாடம் கைதட்டியது. மூன்றாம் அங்கத்தில் நிவெஸ் மட்டும் தனியாக மேடையின் முன்னால் வந்தாள். எல்லோரும் காத்திருந்த பாட்டு அதுதான். அவள் வாய் திறப்பதும் கழுத்து நரம்பு புடைப்பதும் கை மெல்ல உயர்வதும் அவருக்குத் தெரிந்தன. குரல் மட்டும் வந்து சேரவில்லை. கை உச்சிக்குப் போனது.

இரண்டு மிதி.

திரும்பிப் பார்த்தார். எர்மெஸ் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுபடியும் மிதித்தார், இரண்டு தடவை.

நிவெஸின் வாய் மூடியது. மேல்மாடத்தில் ஒருவனும் கை தட்டவில்லை. எல்லோரும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது தட்டினால் என்ன ஆகும்? ‘காது விலை போயிடுச்சு’ என்பான் துல்லியோ. நாளைக்கு ஒயின் கடையில் சிரிப்பார்கள், அவளுக்காகத் தட்டினதைச் சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அவருடைய இரண்டு விரல் வாய்க்குப் போனது. பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. மானம் போகும் என்ற பயம், அவ்வளவுதான்.

விசிலடித்தார்.

ஒரு கணம் யாரும் சேரவில்லை. அவர்கள் காதில் விழுந்தது வேறு. ஆனால் பெற்ற அப்பனே அடிக்கிறான் என்றால் தப்பு நம் காதில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். முதலில் துல்லியோ அடித்தான். பிறகு மேல்மாடமே அடித்தது. யாரோ ஆரஞ்சுத் தோலை வீசினார்கள். நிவெஸ் அசையாமல் நின்று, நேராக மேல்மாடத்தின் முதல் பெஞ்சைப் பார்த்தாள். திரை இறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பொலோன்யாக்காரர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஆட்கள் வந்து ஓலிண்டோவின் முதுகில் தட்டினார்கள். “நேர்மைன்னா இதுதாண்ணே!” என்றான் துல்லியோ, கண்ணில் தண்ணீர் வர.

ஓலிண்டோ எர்மெஸின் சட்டையைப் பிடித்தார். “எந்த எடத்துலடா பிசகினா?”

எர்மெஸின் முகம் வெளுத்திருந்தது. ஓலிண்டோவின் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னார். “எங்கயும் பிசகல. இந்த மேடையில அப்படி ஒரு சுரத்தை நான் கேட்டதே இல்ல.”

“அப்புறம் ஏன்டா மிதிச்ச?”

“நீ கொஞ்ச நேரம் துடிக்கட்டும்னு மிதிச்சேன். துடிச்சிட்டு எப்படியும் நீ கைதட்டிருவேன்னு நெனச்சேன்டா. பெத்த மகளாச்சே, எந்த அப்பனும் தட்டிருப்பான்.”

“என்ன? கேக்கல,” என்றார் ஓலிண்டோ. ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்டிருந்தது.

எர்மெஸ் திரும்பவும் சொன்னார், இந்தத் தடவை கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி.