ஜன்னலோரத்துப் பெண்

"சிமெண்டு கிடங்குல பதினோரு வருஷம் என்னக்கா வேலை பாத்தீங்க?" என்று கேட்டான் ஜெயந்த். வேலை தேடுகிறவர்களுக்கு ரெஸ்யூமே எழுதிக் கொடுப்பது அவன் தொழில்.

"பெருசா ஒண்ணுமில்ல தம்பி. லாரி வந்தா எங்க இறக்கணும்னு சொல்லுவேன். டிரைவருக சண்டை போட்டா சமாதானம் பண்ணுவேன்" என்றாள் தமிழ்ச்செல்வி. கிடங்கை மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஆங்கிலத்தில் அடித்து முடித்தவன், அதை அவளுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினான். "தினமும் நாற்பது லாரிகளை ஒருங்கிணைத்தவர். தகராறுகளைப் பேசித் தீர்ப்பதில் வல்லவர். ஒரு லோடைக்கூட இடம் மாறி இறங்க விடாதவர்."

தமிழ்ச்செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இம்புட்டுக் கெட்டிக்காரியா? யாருப்பா அது?"

"நீங்கதான்க்கா."

அவள் நம்பவில்லை. ஆனால் அச்சடித்த தாளோடு உசிலம்பட்டி டவுன் பஸ்ஸில் ஏறியபோது அதிலிருந்த அந்தக் கெட்டிக்காரப் பெண்ணும் கூடவே ஏறினாள். அவளுக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்து, தமிழ்ச்செல்வி இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். நாகமலை வெயிலில் மிதந்தபடி பஸ்ஸோடு வந்தது. எதிரே வந்த லாரிகளெல்லாம் அந்தப் பெண் கைகாட்டிய பக்கம் வளைந்து போயின. மலைக்கு மேலே கூடிய மேகங்கள்கூட, எங்கே இறக்குவது என்று அவளைக் கேட்டு நின்றன. உசிலம்பட்டிப் பக்கம் போகச் சொன்னாள்.

பெண்களுக்கான இலவசச் சீட்டோடு வந்த கண்டக்டர், "எத்தனை பேருக்கா?" என்றார்.

"ரெண்டு பேருண்ணே."

கண்டக்டர் காலியாக இருந்த ஜன்னலோரத்தைப் பார்த்தார். தமிழ்ச்செல்வியும் பார்த்தாள். பிறகு மெல்ல நகர்ந்து அங்கே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு போதும்ணே. ரெண்டும் நாந்தேன்."