சம்பந்தி மாற்றிய பெல்ட்

"மெதுவாப் பேசு, தெருவே கேக்குது!"

"கேக்கட்டுமே! உங்க கார் போடற சத்தத்துல நான் கத்தறது எவன் காதுல விழப்போகுது?"

துருஸ்பெக் பானெட்டைப் படாரென்று சாத்தினார். சாத்தி என்ன பிரயோசனம்? உள்ளே இன்ஜின் குளிர்ஜுரம் வந்தவனைப் போல நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. எதிர்வரிசை வீடுகளில் திரைச்சீலைகள் ஒவ்வொன்றாக விலகின. டோக்மோக் ஊரில் எங்கள் தெருக்காரர்கள் ஒரு சண்டையைப் பாதியில் விட்டுப் போகிற அளவுக்கு மனசு கெட்டவர்கள் இல்லை.

"பெல்ட்டை மாத்தினது யாரு? உங்க சம்பந்தி மாம்பெத். நடுக்கம் வந்தது எப்போ? அவர் மாத்தின அன்னிக்கு. இதை அவர்கிட்ட சொல்ல உங்களுக்கு ஏன் நாக்கு எழும்ப மாட்டேங்குது?" என்றாள் அவர் மனைவி கான்ஷாயிம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"பொண்ணு குடுக்கற வீட்டுல போய், 'நீங்க பண்ண வேலை சரியில்ல சம்பந்தி'ன்னு எவனாவது சொல்வானாடி? தலைமேல வெச்சுத் தாங்கற உறவு அது."

"அப்போ வேற மெக்கானிக்கிட்ட காட்டுங்க."

"ஊர்ல இருக்கற மெக்கானிக் அத்தனை பேரும் அவரோட பழைய பஸ் டிப்போ ஆளுங்க. நான் பானெட்டைத் தூக்கறதுக்கு முன்னாடி அவருக்குப் போன் போயிடும். அதுக்கு அவர் மூஞ்சியில துப்பிட்டே வரலாம்."

"வசந்தத்துல வந்து நிச்சயம்னு பொண்ணு காதுல தோடு மாட்டிட்டுப் போனாங்க. இப்போ தோட்டத்துல ஆப்பிள் பழுத்துக் கொட்டுது. கல்யாணத் தேதி சொல்ல ஒரு ஈ காக்கா வரல. நாளைக்குத் தோட்டைத் திருப்பிக் குடுங்கன்னு வந்து நின்னா, இந்தத் தகர டப்பாவுலதான் எடுத்துட்டுப் போய்க் குடுக்கணும்!"

அவள் கத்தினதெல்லாம் துருஸ்பெக் மனசுக்குள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்ததுதான்.

அந்த ஜெர்மன் கார் மகள் அய்ஜாமாலைவிட மூத்தது. தோடு மாட்டும் சடங்கு முடிந்து எல்லாரும் வாசலில் நின்றபோது, கிளப்பியதும் பெல்ட் கீச்சென்று கத்தியது. மாம்பெத் உடனே கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். "இனிமே இது என் கார் மாதிரி, சம்பந்தி" என்றார். மறுநாள் வந்து பெல்ட்டையும், அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரையும் மாற்றினார். கிளப்பினார்கள். கீச்சுச் சத்தம் போய்விட்டது. பதிலுக்கு இந்த நடுக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பட்டு மாதிரி ஓடுது, இல்லையா சம்பந்தி?" என்றார் மாம்பெத்.

"பட்டேதான், சம்பந்தி" என்றார் துருஸ்பெக். அவர் கை வைத்திருந்த கதவே அப்போது அதிர்ந்துகொண்டிருந்தது.

அன்று போனவர்தான் மாம்பெத். பிறகு எட்டிப்பார்க்கவில்லை. சந்தையில் துருஸ்பெக்கைக் கண்டால் தர்பூசணிக் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கினார். துருஸ்பெக்கும் லேசுப்பட்டவரா? சத்தம் சம்பந்தி காதில் விழக்கூடாதென்று, வாய்க்கால் பக்கமாக ஊரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். திருடிய காரைக்கூட யாரும் அப்படி ஒளித்து ஓட்டியிருக்க மாட்டார்கள்.

ஓட்டும்போதெல்லாம் ஸ்டியரிங் வழியாக அந்த நடுக்கம் அவர் முழங்கைவரை ஏறும். நம் பெண்ணிடம் ஏதோ குறை கண்டுவிட்டார்களோ? நாம் வைத்த விருந்தில் ஏதும் குறைந்ததோ? மூத்த விருந்தாளிக்கு வைக்க வேண்டிய ஆட்டுத்தலையைத் தப்பான ஆளுக்கு முன்னால் வைத்துவிட்டோமோ? யோசிக்க யோசிக்கக் காருடைய நடுக்கம் எது, தன்னுடையது எது என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று.

மருந்துக்கடை வேலை முடிந்து, மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டு வந்த அய்ஜாமால் அன்று சாயங்காலம் மெல்லச் சொன்னாள். "எர்மெக்கிட்ட கேட்டேம்பா. நம்ம வீட்டுப் பேச்சை எடுத்தாலே அவங்க அப்பா எழுந்து வெளிய போயிடறாராம்." சொல்லிவிட்டுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதைத்தான் துருஸ்பெக்கால் தாங்க முடியவில்லை.

"நாளைக்கு நான் அவங்க வீட்டுக்குப் போறேன்" என்றாள் கான்ஷாயிம்.

"பொண்ணு வீட்டுக்காரங்க போய்த் தேதி கேக்கறதா? தெரு சிரிக்கும்!"

"தேதியை எவ கேட்டா? நான் போறது சம்பந்தியைக் கிண்டல் பண்ண."

ஆணுக்கு ஆண் சம்பந்திகள் ஒருவரையொருவர் விழுந்து விழுந்து மதிக்க வேண்டும். ஆனால் சம்பந்தியம்மாவுக்கு எங்களிடம் தனிச் சலுகை. சம்பந்தியின் முகத்தில் மாவைப் பூசலாம், ஆற்றில் தள்ளலாம், வாய்க்கு வந்ததைப் பேசலாம். கோபித்துக்கொள்கிறவன்தான் மரியாதை தெரியாதவன். இத்தனை மாதம் துருஸ்பெக் இந்த வழியை யோசிக்காதது, வீட்டில் மனைவி எதற்கு இருக்கிறாள் என்பதை மறந்துபோனதால்தான்.

காலையில் கான்ஷாயிமே காரை ஓட்டினாள். வாய்க்கால் பக்கமாக இல்லை, நேராகக் கடைவீதி வழியாக. துருஸ்பெக் மடியில் பொரித்த மாவுத்துண்டான போர்சோக் தட்டையும் பிளாஸ்க்கையும் வைத்துக்கொண்டு, யாரும் தன்னைப் பார்க்காத மாதிரி எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டிலிருந்த போர்சோக்கெல்லாம் வழிநெடுகக் குதித்துக்கொண்டே வந்தன.

மாம்பெத்தின் வாசலில் இன்ஜினை அணைக்காமலே இறங்கி, பானெட்டைத் தூக்கிவிட்டாள். மாம்பெத் சத்தம் கேட்டு வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"வாங்க சம்பந்தி! டீ கொண்டு வந்திருக்கேன்." கிண்ணத்தை இன்ஜின்மேலேயே வைத்து, பிளாஸ்க்கைச் சாய்த்தாள். ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். விளிம்பு தொடும்வரை ஊற்றினாள்.

மாம்பெத் திடுக்கிட்டுப் போனார். விருந்தாளிக்கு அரைக் கிண்ணம் ஊற்றுவதுதான் எங்கள் மரியாதை. தளும்பத் தளும்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். "என்ன சம்பந்தியம்மா, என் வாசல்ல வந்து என்னையே கிளம்பச் சொல்றீங்களா?"

"உங்களை ஏன் சொல்றேன்? நீங்க உள்ள விட்டுட்டுப் போனீங்களே ஒரு பேய், அதைக் கிளம்பச் சொல்றேன். பாருங்க, அதுதான் குடிக்குது!"

கிண்ணம் தடதடவென்று நகர்ந்து, டீயை நாலாபுறமும் கொட்டியது. ஆவி குப்பென்று எழும்பியது. "டிப்போவுல பஸ்ஸெல்லாம் ஏன் அவ்வளவு சீக்கிரம் வித்தாங்கன்னு இப்பத்தான் தெரியுது சம்பந்தி" என்றாள் கான்ஷாயிம். "நீங்க ரிப்பேர் பண்ணீங்க போல!"

மாம்பெத்தின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று துருஸ்பெக் பயந்துபோனார். மாம்பெத் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அணைங்க, அணைங்க" என்றார். "அன்னிக்கே எனக்குத் தெரியும்."

ஸ்பானர்கள் வந்தன. மாம்பெத் முதலில் பெல்ட்டைக் கழற்றினார். டைனமோ புல்லியைக் கையால் சுற்றி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். தண்ணீர் பம்பு புல்லியைப் பிடித்து ஆட்டினார். இரண்டிலும் ஆட்டமில்லை, கரகரப்பில்லை. பெல்ட் இல்லாமலே ஒரு கணம் கிளப்பச் சொன்னார். நடுக்கம் அப்படியே இருந்தது.

"மேல இல்ல. கீழ இருக்கு" என்றார். அடியில் இருக்கிற பெரிய புல்லியில், நடுக்குடத்திலிருந்து வெளிவளையம்வரை சாக்கட்டியால் நேராக ஒரு கோடு இழுத்தார். பெல்ட்டைத் திரும்ப மாட்டிக் கிளப்பி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து, அணைத்தார்கள். துருஸ்பெக் குனிந்து பார்த்தார். கோடு இரண்டாகிவிட்டிருந்தது. குடத்தில் இருந்த பாதி ஒரு இடத்தில், வளையத்தில் இருந்த பாதி வேறொரு இடத்தில்.

"குடத்துக்கும் வளையத்துக்கும் நடுவுல ரப்பர் இருக்கு சம்பந்தி. இன்ஜின் உதறலை அதுதான் வாங்கிக்கும். வயசான ரப்பர், எண்ணெய் குடிச்சு ஊறிப்போயிருந்துது. புது பெல்ட் ஏறலன்னு நான் அவசரப்பட்டு அது மேலயே கடப்பாரையை ஊனி நெம்பினேன். பிய்ஞ்சிடுச்சு. கிளப்பின உடனே வளையம் கோணலாச் சுத்தினதைப் பாத்தேன்."

"அப்புறம் பட்டு மாதிரி ஓடுதுன்னீங்களே?"

"நீங்களும் பட்டேதான்னீங்களே!"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு வார்த்தை திட்டுவீங்கன்னு காத்திருந்தேன்" என்றார் மாம்பெத். "நீங்க திட்டல. சரி, மனசுல வெச்சிருக்காரு, என் வீட்டுக்குப் பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னு நெனச்சேன். அப்படி இருக்கறவர்கிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் தேதி சொல்றது?"

துருஸ்பெக்குக்கு அப்போதுதான் உறைத்தது. தான் மரியாதை என்று நினைத்துக் கொடுத்ததை எதிராளி வெறுப்பு என்று வாங்கிக்கொண்டிருக்கிறார். இத்தனை மாதமும் மகள் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது இதற்காகவா? நல்லவன் என்று பேர் வாங்கப் பார்த்ததற்கு அவள் விலை கொடுத்திருக்கிறாள். "சம்பந்தி," என்றார் கடைசியில், "அது ரொம்ப மோசமான ரிப்பேர்."

"தேவலை, சொல்லிட்டீங்களே!" என்று மாம்பெத் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டையெல்லாம் கிரீஸ்.

இருவரும் சேர்ந்தே தலைநகர் பிஷ்கெக் போய்ப் பழைய உதிரிச் சந்தையில் புல்லி தேடினார்கள். மாம்பெத் ஒவ்வொன்றின் ரப்பரிலும் நகத்தை அழுத்திப் பார்த்தார். வெடிப்பு விட்டதையும், நகம் புதைந்ததையும் ஒதுக்கிவிட்டு, நகம் எழும்பியதும் மேடிட்டு வந்த ஒன்றை வாங்கினார். கோணல் வளையத்தில் ஓரம் தேய்ந்த பெல்ட்டையும் தூக்கிப் போட்டார்கள். இன்ஜின் சுழலாதபடி துருஸ்பெக் கியரைப் போட்டு பிரேக்கை மிதித்துக்கொள்ள, மாம்பெத் ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி நடு போல்ட்டை இறுக்கினார். இந்தத் தடவை கடப்பாரையைக் கான்ஷாயிம் வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். கிளப்பினார்கள். துருஸ்பெக் கதவில் கையை வைத்து வெகுநேரம் நின்றார். பட்டு என்று சொல்ல முடியாது. நல்ல முரட்டுக் கம்பளி என்று சொல்லலாம். அதை அப்படியே சம்பந்தியிடமும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமையே மாம்பெத்தும் மனைவியும் ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து தேதி சொன்னார்கள். முதல் பனி விழுந்ததும் அய்ஜாமாலுக்கும் எர்மெக்குக்கும் கல்யாணம் நடந்தது. உண்மை பேசுகிற ருசி கண்டுவிட்ட சம்பந்திகள் இருவரும் அதன்பிறகு ஒருவரையொருவர் ஒரு நாளும் விட்டுவைக்கவில்லை. விருந்தில் உப்பு கம்மி, உங்க பையன் நடை சரியில்ல, உங்க கார்புரேட்டர் குப்பை என்று இரண்டு வீட்டு வாசலிலும் ஓயாத சத்தம். வசந்தம் வந்ததும் இளசுகள் வெகுதூரத்திலுள்ள கரகோலுக்குக் குடிபோய்விட்டார்கள். எர்மெக்குக்கு அங்கே வேலை கிடைத்தது என்று சொல்கிறார்கள். வேலை கிடைத்தது குடிபோன பிறகுதான்.