நோன்புக்கள்ளி

நிஷாந்தினிக்கு ஒன்பது வயது. மஹய்யாவயில் அவளை அறியாத வீடு இல்லை; வாய் அப்படி. தெரிந்ததைச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்த வாய் பார்த்த வேலைதான் இது.

அந்த வருடம் தவக்காலமும் றமழானும் ஒன்றாக வந்தன. ஈஸ்டர் வரை இனிப்பைத் தொடுவதில்லை என்று நிஷாந்தினி மாதா படத்துக்கு முன்னால் நின்று முடிவெடுத்தாள். அவளோடு ஒரே வகுப்பில் படித்து, பள்ளிக்கூட வேனில் ஒரே சீட்டில் வந்துபோகும் ஷஹ்மாவோ, முப்பது நோன்பையும் பிடித்தே தீருவதென்று நின்றாள். இருவருக்குமே இது முதல் தடவை. "நீயா நானான்னு பாப்போம்" என்று நிஷாந்தினி சவால் விட, ஷஹ்மாவும் கை கொடுத்தாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே நிஷாந்தினி தோற்றாள். பக்கத்து வீட்டு சுதேஷின் பிறந்தநாள் மேசையில் இருந்த மில்க் டொபி இரண்டு, யாரும் பார்க்காத நேரம் அவள் வாய்க்குள் போய்விட்டன. எதையும் மறைக்கத் தெரியாத பிள்ளை, இதை மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும், பின்பக்கத்துக் குழாயடியில் ஷஹ்மா குனிந்து நிற்பதைக் கண்டாள். ஷஹ்மா கை நிறையத் தண்ணீர் ஏந்தி வாய்க்குள் விட்டாள். அதற்குமேல் நிஷாந்தினி நின்று பார்க்கவில்லை. அப்பாடா, தோற்றது நான் மட்டும் இல்லை என்று மனசு துள்ளியது.

வேனில் ஏறியதுதான் தாமதம். "ஷஹ்மா நோன்ப விட்டுட்டா! பைப்புல தண்ணி குடிச்சத என் கண்ணால பாத்தேன்!"

வேன் கொல்லென்று சிரித்தது. ஏழாம் வகுப்பு அரூஸ் விடுவானா? "நோன்புக்கள்ளி! நோன்புக்கள்ளி!" என்று சீட்டில் தட்டித் தாளம் போட்டான்.

"நான் குடிக்கல்ல. வாய்தான் கொப்புளிச்ச" என்றாள் ஷஹ்மா. அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை.

அடுத்த நாள் ஷஹ்மா வேனின் முன்சீட்டில், டிரைவர் கணேஸ் அண்ணனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். வகுப்பிலும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடந்ததைத்தானே சொன்னேன், கோவித்தால் கோவிக்கட்டும் என்று நிஷாந்தினி மிடுக்காகத்தான் திரிந்தாள்.

மிடுக்கெல்லாம் வியாழக்கிழமை வரைக்கும்தான். அன்று அதே குழாயடியில் ருஷ்தா டீச்சர் நின்றார். கையைக் கழுவினார். வாயில் தண்ணீர் விட்டுக் கொப்புளித்துத் துப்பினார், மூன்று தடவை. பிறகு மூக்கு, முகம், முழங்கை என்று கழுவிக்கொண்டு தொழுகை அறைக்குப் போனார். ருஷ்தா டீச்சரும் நோன்பு. தொழுவதற்கு முன்னால் இப்படித்தான் கழுவுவார்கள், ஒரு சொட்டும் உள்ளே போகாது என்று நிஷாந்தினிக்கு அப்போதுதான் விளங்கியது. ஷஹ்மா தண்ணீர் குடிக்கவே இல்லை. ஒரு நோன்பும் விடாத பிள்ளையை வேன் முழுக்கக் கேட்கக் கள்ளியாக்கியிருந்தாள்.

வருகிற சனிக்கிழமை அவளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். அம்மாவை எதிர்த்துப் பேசியது, தம்பியைக் கிள்ளியது என்று பாவங்களைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். இதையும் அடியில் சேர்த்தாள். ஃபாதர் காதில் மெதுவாகச் சொன்னால் போதும். அவர் ஒருவரிடமும் சொல்லமாட்டார். ஷஹ்மாவின் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. லேசான வழிதான்.

அந்த வியாழக்கிழமை மாலையே செபத்துக்கு முழந்தாளிட்டபோது அந்த லேசான வழி அவளுக்குக் கசந்தது. இயேசுவோடு அவள் வீட்டு ஆளோடு பேசுவதுபோலத்தான் பேசுவாள். "இயேசுவே, ஒங்கள விட்டுட்டு ஓடுன கூட்டாளிங்கள நீங்கதானே தேடிப் போனீங்க. நீங்க ஒரு தப்பும் செய்யல. நான் தப்பையும் செஞ்சிட்டு ஒளிஞ்சிக்கப் பாக்குறேன்."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பதில் அவளுக்குத் தெரியும். வேனில் சொன்னதை வேனிலேயே, எல்லோரும் கேட்கத்தான் திருத்த வேண்டும். டொபிக் கதையையும் சேர்த்து. அதைக் கேட்டால் ஷஹ்மா இனி ஒருநாளும் தன்னோடு சேரமாட்டாள் என்ற பயத்தில்தான் அழுகை வந்தது. அழுது முடித்தாள். முடிவை மட்டும் மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வேன் கிளம்பியதும் எழுந்து நின்றாள்.

"கணேஸ் அண்ணே, ரேடியோவக் கொஞ்சம் கொறைங்க. நான் ஒன்னு சொல்லணும்."

ரேடியோ அடங்கியது.

"ஷஹ்மா அன்னைக்குத் தண்ணி குடிக்கல. தொழப் போறதுக்கு வாய்தான் கொப்புளிச்சா. நான் சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன்." முன்சீட்டைப் பார்த்தாள். "அதுக்கு மொத நாள் நான்தான் தோத்தேன். இனிப்பு தொடமாட்டேன்னு சொல்லிட்டு ரெண்டு டொபி தின்னேன். அவளும் தோத்துட்டா நல்லாருக்கும்னு இருந்துச்சு. அதான் ஓடிவந்து சொன்னேன். ஷஹ்மா, என்னய மன்னிச்சிரு."

முன்சீட்டில் ஷஹ்மாவின் தலை திரும்பவே இல்லை.

அரூஸுக்குப் புதுப் பெயர் கிடைத்துவிட்டது. "டொபிக்கள்ளி! டொபிக்கள்ளி!" மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நிஷாந்தினி தலையைக் குனியவில்லை. சொல்லட்டும், உண்மைதானே. திரும்பாத அந்தத் தலைதான் அவளுக்கு வலித்தது.

சட்டென்று ஷஹ்மா சீட்டில் முழந்தாளிட்டுப் பின்பக்கம் திரும்பினாள். பசியில் முகம் வாடிப்போயிருந்தது. குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"வாயப் பொத்து அரூஸ்! அவளுக்கு அப்பிடிச் செல்ல வாணாம். நாலு நாளா நீயும்தானே என்னக் கள்ளி எண்டு சென்ன? நீ மாப்புக் கேட்டியா? அவ கேட்டா!"

அரூஸின் கை தாளத்தை விட்டுவிட்டது. நாலு நாளாகத் தன்னைச் சுட்ட பெயரை இன்னொருத்தி மேல் ஒட்ட ஷஹ்மா விடவில்லை, அதுவும் தன்னைக் காட்டிக்கொடுத்தவள் மேல்.

"கோவம் போயிருச்சா?" என்று கேட்டாள் நிஷாந்தினி.

"இன்னம் கோவம் ஈக்கி" என்றாள் ஷஹ்மா. கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்குப் போகும்."

"நாளைக்குச் சனிக்கெழமடி. ஸ்கூல் இல்ல."

ஷஹ்மா மறுபடியும் யோசித்தாள்.

"அப்ப இண்டைக்கே போகட்டும்" என்று சொல்லிவிட்டு, ஓடுகிற வேனில் எழும்பாதே என்று கணேஸ் அண்ணன் கத்தக் கத்த, பின்சீட்டுக்கு ஏறிக் குதித்து வந்தாள்.