திரும்பி நின்ற நாற்பத்து மூன்று அம்புகள்

எங்கள் சைக்கிள் சங்கத்தில் எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு இதுதான்: நூற்றுப்பத்து மஞ்சள் அம்புக்குறி அட்டைகள், ஒரு சுருள் கம்பி, ஒரு குறடு.

தொண்ணூற்று நாலாம் வருடம், ஏப்ரல் மாதம். எங்கள் ஊர் போசாயிட்டில், கால்வாய் ஆற்றோடு சேரும் இடத்தில் ஆல்மாவின் காபிக் கடை இருக்கிறது. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து சங்கம் பொதுச் சவாரி நடத்தும். தொண்ணூறு கிலோமீட்டர். முதலில் கிழக்கே, க்ளாய்ஸ் காட்டையும் அதற்கப்பால் இருக்கும் பள்ளத்தாக்குகளையும் ஏறி இறங்கி பிராக்கல் வரை. பிறகு வளைந்து மேற்கே கோர்ட்ரெய்க் நகரம். கடைசிப் பதினைந்து கிலோமீட்டர் கால்வாய்க் கரையோடு திரும்பக் கடைக்கு. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து இருநூறு பேருக்குக் குறையாமல் வருவார்கள். யாரும் வரைபடம் கொண்டுவருவதில்லை. அம்பைப் பார்ப்பார்கள், மிதிப்பார்கள்.

முந்தைய வருடம் எனக்குக் கொடுத்த வேலை, சவாரிக்காரர்களுக்குக் கடையில் வாழைப்பழம் சொல்லிவைப்பது. சொல்லிவைத்தேன். சவாரிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு.

"பழம் போனாப் போகுது, வான்னஸ்" என்றார் தலைவர் ஆக்டாஃப். கால்வாய் மதகுக் காவலராக இருந்து ஓய்வுபெற்றவர். அறுபத்தெட்டு வயதிலும் மேட்டில் என்னை முந்துவார். "அம்பு போச்சுன்னா சவாரியே போச்சு. இதையும் கெடுத்தேன்னா உன் பேரு சங்கப் பட்டியல்ல இருக்காது. புரியுதா?"

"புரியுது, தலைவரே."

பட்டியலில் பெயர் இல்லாமல் போவது மற்றவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. அவர்களுக்கு வேறு பட்டியல்கள் உண்டு. கீரையை உறையவைக்கும் தொழிற்சாலையில் பதினோரு வருடம் இரவு வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் பாதி வேலையில் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தவன் நான். அதன் பிறகு நான் வரவில்லையே என்று கேட்க மிச்சமிருந்த ஒரே இடம், ஞாயிறு எட்டு மணிக்கு ஆல்மாவின் கடை வாசல். அங்கேயும் பெரும்பாலும் "இவனும் வந்துட்டானா" என்றுதான் கேட்பார்கள். இருந்தாலும் கேட்பார்கள்.

அம்பு கட்டுபவன் முந்தைய நாள், சவாரி போகும் திசையிலேயே போய்க் கட்ட வேண்டும். எழுதி வைக்காத விதி. சனிக்கிழமை காலையில் கடை வாசலுக்கு வந்தபோது கிழக்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதக் கிழக்குக் காற்று காதுக்குள் புகுந்து மூளையைத் தேடும். முறைப்படி போனால், கால் ஓய்ந்த பிறகு, மறைவே இல்லாத கால்வாய்க் கரையில் பதினைந்து கிலோமீட்டர் எதிர்காற்று. திருப்பிப் போனால் அதே பதினைந்து கிலோமீட்டரும் காற்று முதுகைத் தள்ளும். அம்புக்குத் தெரியவா போகிறது?

திருப்பிப் போனேன்.

கால்வாய்க் கரையில் எனக்கு நிகர் யாருமில்லை. துணி காயப்போட்ட ஒரு சரக்குப் படகை முந்தினேன். படகுக்காரர் கையசைத்தார். நான் பந்தய வீரன் மாதிரி தலையை மட்டும் ஆட்டினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கி, தாண்டிப் போய், திரும்பி நின்று, நாளைக்கு எதிரே வருகிறவன் கண்ணில் படும்படி கம்பத்தில் அட்டையை வைத்து, கம்பியை மூன்று சுற்று முறுக்கினேன். கோர்ட்ரெய்க் வரைக்கும், அதைத் தாண்டியும், எல்லாம் சரியாக இருந்தது.

வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் காற்று தன் பங்கை வாங்காமல் விடாது என்பது கோர்ட்ரெய்க்கில் கிழக்கே திரும்பியபோதுதான் உறைத்தது. நாற்பது கிலோமீட்டர் முகத்துக்கு நேராக. பிராக்கலில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு பியர் குடித்தேன். அது தாகத்துக்கு. இரண்டாவது களைப்புக்கு. மூன்றாவதற்கு ஒரு காரணம் இருந்தது, மறந்துவிட்டது.

அங்கிருந்து போசாயிட் வரை மறுபடியும் பின்காற்று. காட்டு மரங்களுக்கு நடுவே இறக்கத்தில் பறந்தேன். திருப்பம் வந்தால் இறங்கி, எனக்கு எதிரே தெரிகிற மாதிரி, நான் போகிற பக்கம் காட்டி அம்பைக் கட்டினேன். நாற்பத்து மூன்று அம்புகள். சிலவற்றைத் தள்ளி நின்று ரசித்தேன்.

ஞாயிறு எட்டு மணிக்கு இருநூற்றுப் பதினான்கு பேர் கிளம்பினார்கள். நான் ஆல்மாவின் அடுக்களையில் சூப்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பது இருபதுக்கு முதல் கூட்டம் திரும்பி வந்தது. முன்னால் கறிக்கடை ஃபிர்மின், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு.

"ஆல்மா! சூப்பு கொண்டா!"

"காயே இன்னும் வேகல. எங்கடா போயிட்டு வர்றீங்க?"

"தொண்ணூறு கிலோமீட்டரு!"

"ஒன்னேகால் மணி நேரத்துலயா?"

ஃபிர்மின் கையை இறக்கினான். "மீட்டர் முப்பத்திரண்டுதான் காட்டுது. கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

காடு வரைக்கும் எல்லோருக்கும் வழி தெரியும். அதற்கு மேல் அம்பையே காணோமாம். குத்துமதிப்பாக ஒரு சந்தில் இறங்கிப் பள்ளத்தாக்கைச் சுற்றி மறுபக்கம் ஏறினால், அதோ மஞ்சள் அம்பு. அதற்குப் பிறகு ஒரு திருப்பம்கூடத் தவறவில்லை. ஒவ்வொரு அம்பும் பளிச்சென்று தெரிந்து, அவர்களை நேராகக் கடை வாசலில் கொண்டுவந்து விட்டது.

அரை மணி நேரத்தில் முற்றம் முழுக்க சைக்கிள். கடைசியாக ஆக்டாஃப் வந்தார். காதுகள் சிவந்திருந்தன.

"ஓமெர்!" என்றார். "அவனைத் தவிர வேற யாரு?"

ஓமெர் அந்தப் பள்ளத்தாக்கில் பண்ணை வைத்திருக்கும் கிழவர். சைக்கிள்காரர்களைக் கண்டால் ஆகாது. வருடா வருடம் ஒன்றிரண்டு அம்புகளைத் திருப்பி வைப்பார். அதனால் சவாரியில் பஞ்சர் ஆனால்கூட ஓமெர்தான்.

"ரெண்டு பேரு என்கூட வாங்க. இன்னிக்கு அவன் டிராக்டர் சாவி கால்வாய்க்குள்ள போகுது."

நாலு பேர் முஷ்டியை மடக்கிக்கொண்டு எழுந்தார்கள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பிராக்கலின் மூன்றாவது பியருக்குப் பிறகு ஒரு திருப்பத்தில்கூட நான் திரும்பி நின்று கட்டவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தாலாவது ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும். வாயைத் திறந்தேன்.

"ஓமெர் எது வேணாலும் செய்வான்" என்றேன்.

ஃபிர்மின் அடையாளத்துக்கு ஒரு அம்பைப் பிய்த்துக் கொண்டுவந்திருந்தான். ஆல்மா அதை எடுத்துக் கம்பியைப் பார்த்தாள்.

"ஆக்டாஃப், ஓமெருக்கு என்ன வயசு?"

"எழுபத்தாறு இருக்கும்."

"இடுப்புல ஆபரேஷன் பண்ணவன்தானே? அந்த இடுப்போட காடு முழுக்கச் சுத்தி, கம்பம் கம்பமா அவுத்து, திருப்பி, மூணு சுத்து முறுக்கியிருக்கான். அவன் வீட்டு வேலிக்கே ஒரு சுத்துதான் சுத்துவான்."

ஆல்மா மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "நேத்து காத்து எந்தப் பக்கம்?"

"கிழக்கு" என்றார்கள் பத்துப் பேர் ஒரே சமயத்தில்.

கல்யாண நாளை மறப்பார்கள், நேற்றைய காற்றை மறக்க மாட்டார்கள் எங்கள் ஆட்கள். கிழக்குக் காற்று, கால்வாய், கடைசிப் பதினைந்து கிலோமீட்டர் என்று கணக்கு ஒவ்வொரு முகமாக நகர்வதை நான் பார்த்தேன். அவ்வளவு சீக்கிரம் விடை கிடைத்ததற்குக் காரணம், அந்த யோசனை அவர்கள் எல்லோருக்கும் என்றைக்காவது வந்திருக்கிறது என்பதுதான். பிறகு எல்லோரும் அடுக்களைப் பக்கம் திரும்பினார்கள்.

"வான்னஸ்" என்றார் ஆக்டாஃப். "எந்தப் பக்கமாடா போன?"

இன்னும் ஒரு பொய்க்கு இடம் இருந்தது. சின்னதாக ஒன்று எனக்குத் தோன்றவும் செய்தது. ஆனால் ஆல்மா அந்த அம்பை இன்னும் கையில் வைத்திருந்தாள்.

"கால்வாய்ப் பக்கமா."

"ஏன்?"

"காத்து."

ஃபிர்மின் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாய்ந்தது. ஆக்டாஃப் சிரிக்கவில்லை.

"அம்பைத் தப்பாக் கட்டினது முட்டாள்தனம். ஒரு கிழவனை அடிக்கப் போறோம்னு தெரிஞ்சும் வெங்காயம் நறுக்கிட்டு நின்ன பாரு, அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியும், தலைவரே."

"சைக்கிள எடு. பிராக்கல் வரைக்கும் நீதான் அம்பு. எல்லாருக்கும் முன்னாடி போ."

அறுபது பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நூற்றைம்பத்துச் சொச்சம் பேர் என் முதுகுக்குப் பின்னால் சேர்ந்தார்கள். கூட்டமாகப் போகும்போது முன்னால் இருப்பவன் சற்று நேரம் எதிர்காற்றைத் தாங்கிவிட்டு, முழங்கையை ஆட்டினால், பின்னால் இருப்பவன் முன்னே வர வேண்டும். காடு தொடங்கும் முன்பே ஆட்டினேன்.

"அம்பு முழங்கைய ஆட்டுமாடா?" என்றான் பின்னாலிருந்து ஃபிர்மின்.

யாரும் முன்னே வரவில்லை. க்ளாய்ஸ் மேட்டை ஏறினேன், பள்ளத்தாக்கில் இறங்கினேன், திருப்பத்துக்குத் திருப்பம் கையை நீட்டினேன். ஓமெரின் பண்ணையைத் தாண்டும்போது அவர் வாசலில் நின்றிருந்தார். ஆக்டாஃப் அவரைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். கேலி செய்கிறார் என்று நினைத்து ஓமெர் அவருடைய அம்மாவை இழுத்துத் திட்டினார். ஆக்டாஃப் பதிலுக்குத் திட்டவில்லை. அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

பிராக்கல் வீடுகள் தெரிய ஆரம்பித்த கடைசி மேட்டில் என் கால்கள் நின்றுவிட்டன. கூட்டம் இரண்டு பக்கமும் என்னைத் தாண்டிப் போனது. சிலர் முதுகில் தட்டினார்கள், கொஞ்சம் வலிக்கிற மாதிரி. கடைசியாக வந்த ஆக்டாஃப் வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தார்.

"பிராக்கலுக்கு மேல அம்பு சரியா இருக்குமா?"

"இருக்கும்."

"செவ்வாய்க்கிழமை ஒம்போது மணிக்கு எல்லாத்தையும் கழட்டணும். வந்துரு."

"அப்ப என் பேரு...?"

"பேரு இல்லாதவனை வேலைக்குக் கூப்பிடுவாங்களாடா, மடையா?" என்று சொல்லிவிட்டு இருக்கையிலிருந்து எழுந்து மிதித்தார்.

நன்றி சொல்ல எனக்கு மூச்சு இல்லை. அவரும் அதற்காக நிற்கவில்லை.